காற்றில் காது வைத்தவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங்

ஆம்ஸ்ட்ராங் என்று சொன்னதும் உங்களுக்கு நிலாவில் கால் வைத்தவர்தான் ஞாபகத்துக்கு வருவார். நான் எழுதப் போவது அவரைப் பற்றி இல்லை. அவருக்குச் சுமார் நாற்பது வருஷம் முன்னால் பிறந்த இன்னொரு ஆம்ஸ்ட்ராங். நிலாவிலிருந்து வந்த பேச்சைப் பூமியில் பிடித்த ரிசீவர்களுக்குள்ளே இருந்தது இவருடைய மூளை. அவர் பெயர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். நம்ம லேப்ல சூப்பர்ஹெட் ரிசீவர் டிரெய்னர் கிட்டை ஆன் பண்ணும்போதெல்லாம் நாம் இவரைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறோம்.

இவரைப் பற்றி எழுத எனக்குத் தோன்றியது ஒரு விசித்திரமான பொழுதுபோக்கால். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில், லிங்கன்ஷயர் பக்கம், டோனா நூக் என்று ஒரு இடம் உண்டு. அங்கே கடலை ஒட்டி போர் விமானங்கள் குண்டு போட்டுப் பயிற்சி எடுக்கும் மைதானம் இருக்கிறது. இந்த மாதிரிக் கடற்கரைகளுக்கு விடுமுறையில் குடும்பத்தோடு போகிற சிலர், சாப்பாட்டுக் கூடையோடு கையில் ஒரு சின்னப் பெட்டியும் எடுத்துப் போவார்களாம். அதுதான் ஸ்கேனர். விமானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே பைலட் பேசுவது அதில் கேட்டுவிடும்! தனக்கு வராத செய்தியைக் கேட்பது இங்கிலாந்துச் சட்டப்படியே குற்றம்தான். நம்ம நாட்டிலும் அனுமதி இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. நான் சொல்ல வந்தது அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கிற சர்க்யூட்டைப் பற்றி.

ராணுவ விமானங்கள் பெரும்பாலும் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். ஸ்கேனர் அந்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். எங்கே கேரியர் அலை இருக்கிறதோ அங்கே ஸ்குவெல்ச் திறந்து நின்றுவிடும். இவ்வளவு வேகமாகத் தாவுவது எப்படி? உள்ளே இருப்பது சூப்பர்ஹெட்டரோடைன். லோக்கல் ஆசிலேட்டரை மாற்றினால் போதும், மற்ற பகுதிகள் அப்படியே இருக்கும். அந்த சூப்பர்ஹெட் பிறந்ததே ஆகாயத்தில் வரும் போர் விமானத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற ஆசையில்தான் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மரத்து மேல் ஏறிய பையன்

1890 டிசம்பர் 18-ல் நியூயார்க்கில் பிறந்தார் ஆம்ஸ்ட்ராங். அப்பா ஆக்ஸ்போர்டு புத்தக நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தவர். அம்மா டீச்சராக இருந்தவர். சின்ன வயசிலேயே ஒரு நரம்பு நோய் வந்து இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. நோய் போனாலும் முகமும் தோளும் வெட்டி இழுக்கிற பழக்கம் ஆயுசு முழுக்க நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் பேசக் கூச்சம். அதனால் தனியாக இருந்தே பழகிவிட்டார்.

1902-ல் குடும்பம் யாங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடி மாறியது. ஹட்சன் ஆற்றைப் பார்த்த வீடு. அப்பா வாங்கிக் கொடுத்த கண்டுபிடிப்பாளர்கள் பற்றிய புத்தகத்தைப் படித்து, மார்க்கோனி மாதிரி நாமும் ஆக வேண்டும் என்று பதினாலு வயசிலேயே முடிவு எடுத்துவிட்டார். மாடி அறை முழுக்கச் சுருளும் கம்பியும். வீட்டுக்குப் பின்னால் 125 அடி உயரத்தில் தானே ஒரு ஏரியல் கம்பம் நட்டார். பலகை கட்டிய கயிற்றில் உட்கார்ந்து தன்னைத் தானே மேலே இழுத்துக்கொண்டு போவாராம். பார்த்த அக்கம்பக்கத்தாருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். உயரம் என்றால் அவருக்குப் பயமே கிடையாது.

ஊஞ்சலைத் தள்ளிய கதை

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் சேர்ந்தார். தினமும் சிவப்பு நிற மோட்டார் பைக்கில்தான் காலேஜுக்குப் போவார். அந்தக் காலத்தில் ஆடியான் என்று ஒரு வால்வு இருந்தது. லீ டி பாரஸ்ட் என்பவர் 1906-ல் கண்டுபிடித்தது. ஆனால் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவருக்கே தெளிவாகப் புரியவில்லை. ஆம்ஸ்ட்ராங் உட்கார்ந்து அளந்து அளந்து பார்த்தார்.

1912 செப்டம்பரில் ஒரு இரவு, வால்வின் பிளேட்டிலிருந்து வருகிற அலையில் கொஞ்சத்தை எடுத்துத் திரும்ப கிரிட்டுக்கே கொடுத்தார். ஊஞ்சல் ஆடும்போது சரியான நேரத்தில் லேசாகத் தள்ளித் தள்ளி விட்டால் எவ்வளவு உயரம் போகும்? அதே மாதிரி, ஹெட்போனில் முணுமுணுத்த ஒலி அறை முழுக்கக் கேட்கிற அளவுக்குப் பெருகியது. நள்ளிரவில் தங்கையை எழுப்பிக் குதித்தாராம். இதுதான் நாம் படிக்கிற ரீஜெனரேட்டிவ் பீட்பேக். இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் அந்த வால்வே தானாக அலையை உண்டாக்கும். அதாவது ஒரே சர்க்யூட் ரிசீவராகவும் ஆகும், டிரான்ஸ்மிட்டராகவும் ஆகும்!

பேட்டன்ட் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டார். முதலில் டிகிரியை முடி, அப்புறம் பார்க்கலாம் என்று அப்பா மறுத்துவிட்டார். பைக்கை விற்றும் பணம் போதவில்லை. மாமா ஒருவர் சொன்ன யோசனைப்படி, சர்க்யூட் படத்தை வரைந்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினார். அந்தத் தேதி 1913 ஜனவரி 31. இந்தத் தேதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

கடற்கரைக் குடிசையில் ஒரு இரவு

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1914 ஜனவரி 30 இரவு. நியூ ஜெர்சி கடற்கரையில் பெல்மார் என்ற ஊரில் மார்க்கோனி கம்பெனியின் நிலையம் இருந்தது. உறைய வைக்கும் குளிர். காற்று புகுந்து வருகிற ஒரு குடிசையில் இரண்டு இளைஞர்கள் விடிய விடிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் 23 வயசு ஆம்ஸ்ட்ராங். இன்னொருவர் 22 வயசு டேவிட் சர்னாஃப்.

சர்னாஃப் ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பையன். தெருவில் பேப்பர் விற்றவர். மார்க்கோனி கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, தந்தி கற்றுக்கொண்டு மேலே வந்தவர். அன்றைக்கு ஆம்ஸ்ட்ராங்கின் பெட்டியில் அயர்லாந்து கேட்டது. அமெரிக்காவின் அந்தக் கரையையும் தாண்டி, பசிபிக் கடல் நடுவில் இருக்கிற ஹொனலூலுவும் கேட்டது! அந்தக் குளிர் இரவில் இரண்டு பேரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். விடிந்த தேதி ஜனவரி 31.

விமானத்தைக் கேட்க ஆசை

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் ஆம்ஸ்ட்ராங் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் கேப்டனாகப் பாரிஸ் போனார். 1918-ல் ஒரு இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட வந்தன. கீழிருந்து பீரங்கிகள் சுட்டன. ஆனால் குறி தப்பிக்கொண்டே இருந்தது. ஏன்?

அப்போது விமானம் எங்கே இருக்கிறது என்று அதன் இன்ஜின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். சத்தம் ஒரு வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும். விமானம் 5 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் சத்தம் வந்து சேர 15 வினாடி ஆகும். மணிக்கு 150 கிலோமீட்டரில் பறந்தால்கூட அதற்குள் விமானம் 600 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். சுட்டால் வெறும் ஆகாயத்தில்தான் படும்!

ஆம்ஸ்ட்ராங் யோசித்தார். இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இருக்கிறதே, ஒவ்வொரு பொறியும் ஒரு ரேடியோ அலையை விடுமே, அது ஒளி வேகத்தில் வருமே! அதைப் பிடித்தால் என்ன? ஆனால் அந்த அலைகள் மிகவும் உயர்ந்த அதிர்வெண் கொண்டவை. அன்றைய வால்வுகளால் அதைப் பெருக்க முடியாது. சரி, பெருக்க முடியாததைப் பெருக்க முடிகிற இடத்துக்கு இறக்கிக் கொண்டு வந்தால்?

இங்கேதான் சூப்பர்ஹெட் பிறந்தது. உதாரணத்துக்கு 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையம் வருகிறது. உள்ளே 1455 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றை உண்டாக்கி இரண்டையும் கலக்கிறோம். வித்தியாசம் 455. அதுதான் ஐ.எஃப். எந்த நிலையம் வந்தாலும் லோக்கல் ஆசிலேட்டரை அதற்குத் தக்கபடி மாற்றினால் வித்தியாசம் எப்போதும் 455-ஆகவே இருக்கும். அந்த ஒரே அதிர்வெண்ணுக்கு நல்ல ஆம்ப்ளிபையர் ஒன்று செய்தால் போதும். மலை மேல் இருக்கிற சாமான்களையெல்லாம் ஒரே சந்தைக்கு இறக்கி, ஒரே தராசில் நிறுக்கிற மாதிரி!

பெட்டி தயாரானது. ஆனால் அது விமானத்தைத் தேடிப் போவதற்குள் 1918 நவம்பரில் போரே முடிந்துவிட்டது. 1920-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் கிடைத்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், பிரான்ஸின் லூசியன் லெவியும் ஜெர்மனியின் வால்டர் ஷாட்கியும் அதே காலத்தில் இதே யோசனையைத் தனித்தனியாக எட்டியிருந்தார்கள். லெவியின் உரிமையும் பின்னால் ஏற்கப்பட்டது. ஆனால் அதை வேலை செய்கிற பெட்டியாக்கி உலகத்துக்குக் கொடுத்ததில் ஆம்ஸ்ட்ராங் பங்கு பெரிது. மேஜர் பதவியோடும் பிரான்ஸ் அரசின் விருதோடும் ஊர் திரும்பினார்.

திருமணமும் கடற்கரையும்

இதற்குள் சர்னாஃப் ஆர்.சி.ஏ. என்ற பெரிய ரேடியோ கம்பெனியில் மளமளவென்று உயர்ந்துகொண்டிருந்தார். ஆம்ஸ்ட்ராங்கின் கண்டுபிடிப்புகளை அந்தக் கம்பெனி வாங்கியது. பணமும் பங்குகளும் சேர்ந்து அவர் பெரிய பணக்காரர் ஆனார். சர்னாஃபின் ஆபீசில் செக்ரட்டரியாக இருந்த மரியன் மேல் காதல். 1923 டிசம்பரில் கல்யாணம். கல்யாணப் பரிசாக அவர் மனைவிக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? நகை இல்லை, கையில் தூக்கிப் போகிற மாதிரி தானே செய்த சூப்பர்ஹெட் ரேடியோ! பாம் பீச் கடற்கரை மணலில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும் போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. கடற்கரைக்கு ரேடியோவோடு போன முதல் ஜோடி என்றுகூடச் சொல்லலாமோ!

ஆனால் ரீஜெனரேஷன் யாருடையது என்று டி பாரஸ்டோடு நடந்த வழக்கு இழுத்துக்கொண்டே போனது. முதலில் ஆம்ஸ்ட்ராங்குக்கு வெற்றி. பிறகு தோல்வி. 1934-ல் உச்ச நீதிமன்றம் டி பாரஸ்டுக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ரேடியோ இன்ஜினியர்கள் சங்கம் தனக்கு முன்பு கொடுத்த பதக்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கப் போனார். சங்கத்தார் வாங்க மறுத்துவிட்டார்கள். கூடியிருந்த இன்ஜினியர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். சர்க்யூட் தெரிந்தவர்கள் சொன்ன தீர்ப்பு அது!

இரைச்சல் இல்லாத ரேடியோ

இடி இடித்தாலும் சுவிட்ச் போட்டாலும் ஏ.எம். ரேடியோ கொரகொரக்கும். இரைச்சல் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கிறது. அப்படியானால் செய்தியை உயரத்தில் வைக்காமல் அதிர்வெண்ணில் வைத்தால்? ஜான் கார்சன் என்ற கணித வல்லுநர் 1922-லேயே அதிர்வெண் பண்பேற்றத்தால் லாபம் இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஆம்ஸ்ட்ராங் அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்லவில்லை. குறுகிய அலைவரிசைக்குத்தான் அது பொருந்தும், அகலமாக விட்டுப் பார்ப்போம் என்றார். உயரத்தில் ஏறும் இரைச்சலை லிமிட்டர் வெட்டிவிடும். மீதி சுத்தமான ஒலி! 1933 டிசம்பர் 26-ல் பேட்டன்டுகள் கிடைத்தன.

1934-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து சோதனை நடந்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, லாங் ஐலண்டின் வெஸ்ட்ஹாம்ப்டன் கடற்கரையில் ஒரு நண்பர் வீட்டில் அது தெளிவாகக் கேட்டது. பாருங்கள், அவர் வாழ்க்கையின் பெரிய இரவுகளெல்லாம் கடற்கரையில்தான்!

ஆனால் ஆர்.சி.ஏ.வுக்கு டெலிவிஷன் மேல் கண். ஏ.எம். வியாபாரமும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 1935-ல் கட்டடத்திலிருந்து சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் விடவில்லை. தன் சொந்தப் பணத்தில் நியூ ஜெர்சியின் அல்பைன் என்ற இடத்தில் 425 அடி கோபுரம் கட்டி ஒலிபரப்பினார்.

1940-ல் ஆர்.சி.ஏ. இறங்கி வந்தது. பத்து லட்சம் டாலர் மொத்தமாகத் தருகிறோம், ராயல்டி மட்டும் கேட்காதே என்றது. மற்ற கம்பெனிகளெல்லாம் ராயல்டி கொடுக்கும்போது உங்களுக்கு மட்டும் எப்படி விடுவது என்று ஆம்ஸ்ட்ராங் மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் நண்பர்களே. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார் வேலைக்குப் போகிறவர். மேஸ்திரி கூலியில் பிடித்துக்கொண்டால்கூட, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். வம்புக்குப் போனால் நாளைக்கு வேலை இருக்காது என்பார். அப்பா கண்ணில் ஆம்ஸ்ட்ராங் பிழைக்கத் தெரியாதவர். நம்மில் பலருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் பணத்துக்காக மறுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் தன் எஃப்.எம். பேட்டன்டுகளை அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு காசு ராயல்டி வாங்காமல் கொடுத்தார். டாங்கிகளில் எஃப்.எம். ரேடியோ பேசியது. நாட்டுக்கு இலவசம், கம்பெனிக்குக் கணக்கு என்பது அவர் நியாயம்.

ஒரு சுவையான விஷயம். டாங்கி எஃப்.எம். பேசினாலும் விமானம் இன்றைக்கும் பெரும்பாலும் ஏ.எம்.தான் பேசுகிறது. எஃப்.எம். ரிசீவர் பலமான சிக்னலை மட்டும் பிடித்துக்கொண்டு பலவீனமானதை அமுக்கிவிடும். இரண்டு பைலட்கள் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேசியதே தெரியாமல் போகும். ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். இன்னொருவரும் கூப்பிடுகிறார் என்று கீழே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆக, கடற்கரை ஸ்கேனரில் ஆம்ஸ்ட்ராங்கின் எஃப்.எம். பேசாது. ஆனால் அவருடைய சூப்பர்ஹெட் கேட்கும்!

நண்பர் எதிரியான கதை

1945-ல் அரசு எஃப்.எம். அலைவரிசையை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88-108-க்கு மாற்றியது. மக்கள் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான ரேடியோக்கள் ஒரே உத்தரவில் வீணாயின. ஆர்.சி.ஏ. வேறு சர்க்யூட் என்று சொல்லிக்கொண்டு ராயல்டி இல்லாமல் எஃப்.எம். செட்டுகளை விற்றது. 1948-ல் ஆம்ஸ்ட்ராங் வழக்குப் போட்டார். எதிரில் இருந்தது யார்? பெல்மார் குடிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே சர்னாஃப்!

பெரிய கம்பெனிக்கு வழக்கை இழுக்கத் தெரியும். வருஷக்கணக்கில் கேள்வி மேல் கேள்வி. பேட்டன்டுகளின் ஆயுள் முடிந்தது. பணம் கரைந்தது. உடம்பு கெட்டது. 1953 இறுதியில் மனைவியிடமும் மனக்கசப்பு வந்து அவர் பிரிந்து போனார். ஆம்ஸ்ட்ராங் தனி ஆளானார்.

1954 ஜனவரி 31 இரவு. நோட்டரி கையெழுத்துப் போட்ட அதே தேதி. கடற்கரைக் குடிசையில் விடிந்த அதே தேதி. அந்த இரவில் ஆம்ஸ்ட்ராங் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 63.

மரியன் விடவில்லை. கணவரின் வழக்குகளை ஒவ்வொன்றாக நடத்தினார். அதே 1954 டிசம்பரில் ஆர்.சி.ஏ. சமாதானத்துக்கு வந்து, பத்து லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தது. 1940-ல் தருவதாகச் சொன்ன அதே தொகை! கடைசி வழக்கு மோட்டரோலா மேல். 1967-ல் அதிலும் வெற்றி. எஃப்.எம். வழக்குகளில் ஆம்ஸ்ட்ராங் ஜெயித்துவிட்டார். பார்க்கத்தான் அவர் இல்லை.

நண்பர்களே, அவர் போராடியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மரியன் ஜெயித்ததே அவர் நியாயம் சரி என்பதற்குச் சாட்சி. ஆனால் போராட்டத்தைத் தனியாகச் சுமந்தாரே, அதுதான் மனசை அறுக்கிறது. உலகத்தின் அந்தக் கோடியில் முணுமுணுக்கிற குரலைப் பெருக்கிக் கேட்கத் தெரிந்தவரின் குரலைக் கேட்கக் கடைசி இரவில் பக்கத்தில் ஒருவர் இல்லை. நம்ம ஹாஸ்டலில், நம்ம பெஞ்சில், அரியர் விழுந்ததற்கும் பீஸ் கட்ட முடியாததற்கும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவன் இருப்பான். ஒருத்தி இருப்பாள். பலவீனமான சிக்னலைப் பிடிக்கிறவன்தானே எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன்? போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து என்னடா என்று கேளுங்கள். உங்களுக்கே அந்த நிலைமை என்றால், வாயைத் திறந்து யாரிடமாவது சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். புராஜெக்டில் புதிதாக ஏதாவது செய்தால் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நம்மைப் போன்றவர்களுக்குச் சாட்சி அந்தக் காகிதம் மட்டும்தான்.

பெல்மாரில் மார்க்கோனி நிலையம் இருந்த அதே இடம் பின்னால் ராணுவத்தின் கேம்ப் எவன்ஸ் ஆனது. 1946 ஜனவரி 10-ல் அங்கிருந்து 111.5 மெகாஹெர்ட்ஸில் நிலாவுக்கு ஒரு சிக்னல் விட்டார்கள். இரண்டரை வினாடியில் எதிரொலி திரும்பி வந்தது. அந்தக் கருவியிலும் ஆம்ஸ்ட்ராங்கின் கைவண்ணம் இருந்தது. ஆக, நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவைத் தொடுவதற்கு 23 வருஷம் முன்பே நம்ம ஆம்ஸ்ட்ராங்கும் அதைத் தொட்டுவிட்டார்! அல்பைன் கோபுரம் இடிக்கப்படவில்லை. 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்து டி.வி. ஏரியல்கள் போனபோது சில நிலையங்கள் இந்தக் கோபுரத்தில்தான் தற்காலிகமாக ஏறிக்கொண்டன. நம்ம இந்தியாவில் எஃப்.எம். முதன்முதலில் ஒலித்தது 1977-ல், நம்ம சென்னையில்.

அடுத்த முறை டீக்கடையில் எஃப்.எம். பாட்டு இரைச்சல் இல்லாமல் கேட்டால், அந்த அமைதிக்கு ஒரு மனிதன் கொடுத்த விலையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

— இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை